தணலில் சமைக்கப் பழகுதல்: முகாமில் ஒரே வாணலியில் ஒரு வேளை உணவு

வீட்டு அடுப்பில் குமிழைத் திருகினால் தீ குறைகிறது. முகாமில் மூட்டுகிற விறகுத் தீக்கு அப்படியொரு குமிழ் கிடையாது. வெளியில் சமைக்கப் புதிதாக முற்படுவோர் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தீ கொழுந்துவிட்டு எரியும்போதே வாணலியை அதன்மேல் ஏற்றிவிடுகிறார்கள். ஐந்தே நிமிடத்தில் வெங்காயம் கருகி, உருளைக்கிழங்கு உள்ளே பச்சையாகவே நின்று, வாணலியின் அடிப்புறம் முழுவதும் கரி அப்பிவிடுகிறது. முதல் இரண்டு முறை நானும் அவ்வாறே செய்தேன். இரண்டாம் முறை உடன் வந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விறகு எரிந்து தணலாகும் வரை காத்திருப்பதும், அந்தத் தணலைத் தள்ளியும் கூட்டியும் சூட்டை ஆள்வதும் கைவந்துவிட்டால், எஞ்சியது வீட்டில் செய்யும் சமையலே.

மூன்று பேருக்குப் போதுமான ஓர் எளிய உணவை எடுத்துக்கொண்டு, விறகு தேர்வதிலிருந்து தீயை அணைப்பது வரை இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது. உருளைக்கிழங்கு, வெங்காயம், குடைமிளகாய், வேகவைத்த கொண்டைக்கடலை ஆகியவற்றை ஒரே வாணலியில் வேகவைத்து, வறுத்து, கடைசியில் மேலே முட்டைகளை உடைத்து ஊற்றி இறக்குவதே அந்த உணவு. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அரிசி வேக நீரின் அளவும் சூடும் ஒத்துவர வேண்டும். தணலின் சூடு சீராக இல்லாதபோது அடி பிடித்து மேற்பகுதி அரைவேக்காடாக நிற்கும். பச்சைக் கோழி இறைச்சியின் உட்பகுதி 74 பாகை செல்சியஸை எட்டியதா என்பதை இருட்டில், வெப்பமானி இல்லாமல், கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க இயலாது. உருளைக்கிழங்கோ பொறுமையான காய்: நீர் குறைந்தால் ஊற்றலாம், மிகுந்தால் மூடியைத் திறந்து வற்றவிடலாம், பத்து நிமிடம் தாமதமானாலும் அது கெட்டுப்போவதில்லை.

வாணலியும் துணைக் கருவிகளும்

25 முதல் 28 சென்டிமீட்டர் விட்டமும் ஐந்து சென்டிமீட்டர் ஆழமும் உள்ள வார்ப்பிரும்பு வாணலி, அதற்குப் பொருந்தும் மூடி ஆகியவை இந்தச் சமையலுக்கு மிகவும் ஏற்றவை. வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறும்; ஏறிய சூட்டை எளிதில் விடாது. தணலில் ஓர் இடம் அதிகமாகவும் மற்றோர் இடம் குறைவாகவும் கனலும்போது, இந்தக் கனத்த உலோகம் அந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு சமன்செய்துவிடுகிறது. இரண்டு கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது என்பதால், முதுகுப்பையுடன் நெடுந்தொலைவு நடப்போருக்கு இது சுமையாகும். வாகனத்தில் சென்று முகாமிடுவோருக்கு அந்தக் கவலை இல்லை. மூடி இல்லையென்றால் வாணலியைவிடச் சற்றுப் பெரிய எவர்சில்வர் தட்டு ஒன்று போதும்.

ஒட்டாத பூச்சுள்ள வாணலியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்தப் பூச்சு 260 பாகை செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்கித் தீங்கான புகையை வெளியிடும். விறகுத் தீயின் மேல் வெறும் வாணலி அந்த வெப்பத்தைச் சில நிமிடங்களில் தாண்டிவிடும். மெல்லிய அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். அலுமினியம் 660 பாகையில் உருகும். அதற்கு வெகு முன்பே வளைந்து கோணிவிடும். கைப்பிடி முழுவதும் உலோகமாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன், ஒருவரின் நெகிழிக் கைப்பிடி உருகித் தணலில் சொட்டுவதைப் பார்க்கும் வரை.

இவற்றோடு கால்கள் உள்ள கம்பித்தட்டு, நீண்ட இடுக்கி, சிறிய மண்வாரி, நீண்ட காம்புள்ள மரக்கரண்டி, தடித்த தோல் கையுறைகள், நிறைந்த ஒரு வாளி நீர், தலையில் மாட்டும் விளக்கு ஆகியவை வேண்டும். கையுறைக்குப் பதில் துணியைப் பயன்படுத்துவதானால் அது உலர்ந்ததாக இருப்பது கட்டாயம். ஈரத் துணி சூட்டை மிக விரைவாகக் கைக்குக் கடத்துவதோடு, அதிலுள்ள நீர் ஆவியாகித் தோலை வெந்துபோகவும் செய்யும். கம்பித்தட்டு கிடைக்காவிட்டால் ஒரே உயரமுள்ள மூன்று கற்களைக் கூட்டி வாணலியை நிறுத்தலாம். ஆற்றுப் படுகையிலிருந்தோ ஈர மண்ணிலிருந்தோ எடுத்த கற்களை மட்டும் பயன்படுத்தக் கூடாது. அவற்றின் நுண்துளைகளில் தங்கிய நீர் சூட்டில் ஆவியாகி வெளியேற வழியின்றிக் கல்லை வெடிக்கச் செய்யலாம்.

இன்னொரு சிறு வேலை: தீயருகே கொண்டுபோகும் முன் வாணலியின் வெளிப்புறத்தில் மட்டும் பாத்திரம் கழுவும் சோப்பை மெல்லிய படலமாகப் பூசிவிடுங்கள். கரி அந்தப் படலத்தின் மேல் படியும். பின்னர் கழுவும்போது சோப்போடு சேர்ந்து எளிதாக வந்துவிடும்.

வீட்டிலேயே முடித்துவிட வேண்டியவை

தேவையான பொருள்கள்: உருளைக்கிழங்கு 600 கிராம், நடுத்தர வெங்காயம் இரண்டு, குடைமிளகாய் ஒன்று, பூண்டு நான்கு பல், வேகவைத்து நீர் வடித்த கொண்டைக்கடலை 250 கிராம், முட்டை ஐந்து, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, எலுமிச்சம்பழம் ஒன்று. ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், அரைத் தேக்கரண்டி சீரகத்தூள், காரத்துக்கு ஏற்ப மிளகாய்த்தூள் ஆகியவற்றை ஒரே பொட்டலமாகக் கலந்து வைத்துக்கொண்டால், இருட்டில் நான்கு டப்பாக்களைத் தேட வேண்டியிருக்காது. தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ளத் தனியாகச் சிறிது உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உருளைக்கிழங்கை ஒன்றரை சென்டிமீட்டர் அளவுள்ள துண்டுகளாக நறுக்க வேண்டும். இந்தச் சமையலில் நான் விட்டுக்கொடுக்காத அளவு இது ஒன்றுதான். துண்டு இரு மடங்கு தடிமனானால் வேகும் நேரம் இரு மடங்குக்கும் மேலாகக் கூடும். பெரியதும் சிறியதுமாகக் கலந்து நறுக்கினால் சிறியவை குழைந்த பின்னும் பெரியவை நறுக்கென்றிருக்கும். நறுக்கிய துண்டுகள் காற்றுப் பட்டுக் கறுக்காமல் இருக்க, மூடியுள்ள டப்பாவில் நீரில் மூழ்கியிருக்கும்படி வைத்து, பனிக்கட்டி போட்ட குளிர்பெட்டியில் அன்றைக்கே கொண்டுசெல்லலாம். மறுநாள் சமைப்பதாக இருந்தால் உருளைக்கிழங்கை முழுதாகவே எடுத்துச் சென்று, வெளிச்சம் இருக்கும்போதே முகாமில் நறுக்குவது மேல். உலர்ந்த கொண்டைக்கடலையை வேகவைப்பதானால் முந்தைய இரவு ஊறப்போட்டு வீட்டில் வேகவைத்துக்கொள்ளுங்கள். டின்னில் அடைத்து விற்பதும் இதற்குப் போதுமானதே.

வேகவைத்த கடலை, நறுக்கிய காய்கள், முட்டை ஆகியவை 4 பாகை செல்சியஸை ஒட்டிய குளிரில் இருக்க வேண்டும். கிருமிகள் விரைந்து பெருகுவது 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில். வேகவைத்த உணவு அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. வெளி வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாள்களில் ஒரு மணி நேரமே எல்லை. ஊரைவிட்டு வெகுதொலைவில், இரவில் வயிறு கெடுவதைப் போன்ற சங்கடம் வேறில்லை.

இடம், காற்று, அனுமதி

எந்த இடத்தில் தீ மூட்டலாம், எந்தக் காலத்தில் மூட்டக் கூடாது என்பதை அந்த நிலத்துக்குப் பொறுப்பானவர்களிடம் முன்கூட்டியே கேட்டறியுங்கள். வறண்ட காலத்தில் பல காடுகளிலும் பூங்காக்களிலும் தீ மூட்டுவது முற்றிலும் தடைசெய்யப்பட்டிருக்கும். தடை இல்லாவிட்டாலும், பலத்த காற்று வீசும் நாளில் தீ மூட்டுவதைக் கைவிட்டு, சமைக்காத உணவோடு அந்த வேளையைக் கழித்துவிடுவது நல்லது.

முன்பே அமைத்த தீக்குழி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால், கூடாரத்திலிருந்து ஐந்து மீட்டராவது விலகி, மேலே தாழ்ந்த கிளைகள் இல்லாத இடத்தில், மூன்று மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குச் சருகும் உலர்ந்த புல்லும் வேர்ப்பற்றையும் நீக்கி, வெறும் மண் தெரியும்படி தரையைச் செப்பம் செய்ய வேண்டும். இலைமக்கு தடிமனாகப் படிந்த தரையில் தீ மூட்டினால், கங்கு அதற்குள் புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் கனன்று, மறுநாள் வேறோரிடத்தில் கிளம்பலாம்.

தீக்குழியைச் சாவித்துளை போன்ற வடிவில் அமைத்துக்கொள்வதே இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் ஏற்பாடு. பின்புறம் வட்டமான ஒரு பகுதி. அதிலிருந்து முன்னோக்கி நீண்ட ஒரு குறுகிய வாய்க்கால். வட்டத்தில் தீ எரியும்; வாய்க்காலில் தணலைப் பரப்பிக் கம்பித்தட்டை நிறுத்திச் சமைக்கலாம். தணல் தணிந்தால் பின்னாலுள்ள தீயிலிருந்து இரண்டு வாரி இழுத்துச் சேர்க்கலாம். தீயும் தணலும் ஒரே குவியலாக இருந்தால் சமைத்துக்கொண்டிருக்கும் வாணலியின் அடியில் புது விறகைச் செருக நேரும். செருகியவுடன் புகையும் கொழுந்தும் எழும். காற்று பக்கவாட்டில் வீசும்படி வாய்க்காலின் திசையை அமைத்துவிட்டால், சமைப்பவர் புகையை விழுங்காமல் தப்பலாம். காற்று திசை மாறினால் செய்வதற்கொன்றுமில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

விறகு

மூன்று தடிமன்களில் விறகு சேர்க்க வேண்டும்: பற்றவைக்க உலர்ந்த சருகும் மெல்லிய பட்டையும், தீயை வளர்க்கத் தீக்குச்சித் தடிமன் முதல் விரல் தடிமன் வரையுள்ள சுள்ளி, தணலுக்காக மணிக்கட்டுத் தடிமனுள்ள கட்டை. முதலிரண்டும் எவ்வளவு வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதன் இரு மடங்கு சேருங்கள். புதியவர்களின் தீ அணைவதற்குச் சுள்ளி போதாமல் போவதே முதல் காரணம்.

சுள்ளியை முறித்தால் ‘சடக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்து நார் உரிந்தால் அதில் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்போது வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவுகூட நீராக இருக்கலாம். அந்த நீர் முழுவதும் ஆவியாகும் வரை விறகின் வெப்பம் அதற்கே செலவாகி, நமக்குக் கிடைப்பது புகை மட்டுமே. கெட்டியான மரங்களின் விறகு மெதுவாக எரிந்து நெடுநேரம் நிற்கும் தணலைத் தரும். பிசின் நிறைந்த மென்மரங்கள் விரைவில் பற்றினாலும், கரியைக் கக்கி, சீக்கிரமே சாம்பலாகிவிடும். ஆகவே மென்மரத்தைப் பற்றவைக்கவும் கெட்டி மரத்தைச் சமைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, கரையான் மருந்தேற்றிய மரம் ஆகியவற்றை எரித்தால் எழும் புகை நச்சு. அதன்மேல் உணவு சமைக்கக் கூடாது. அரளியின் கிளைகளை விறகாகவோ கிளறும் குச்சியாகவோ பயன்படுத்துவது பேராபத்து. எந்த மரம் என்று தெரியாத கிளையைத் தவிர்த்துவிடுங்கள். தொலைதூரத்திலிருந்து விறகைச் சுமந்து வருவதும் நல்லதல்ல. அதன் பட்டைக்குள் இருக்கும் பூச்சிகள் புதிய காட்டுக்குக் குடியேறிவிடும்.

தீயிலிருந்து தணலுக்கு

உண்ண நினைக்கும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தீ மூட்டுங்கள். தணலாவதற்கு நாற்பத்தைந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். சமையலுக்கு முப்பத்தைந்து நிமிடம். பசி எடுத்த பிறகு மூட்டினால் யாருக்கும் காத்திருக்கப் பொறுமை இராது; வாணலி மீண்டும் கொழுந்தின்மேல் ஏறிவிடும்.

சருகை ஒரு கைப்பிடியளவு உருட்டி நடுவில் வைத்து, அதைச் சுற்றி மெல்லிய சுள்ளிகளைக் கூம்பு போல் சாய்த்து நிறுத்துங்கள். காற்று வரும் பக்கத்தில் சிறு வாயில் விட்டு, அந்த வாயில் வழியே அடியில் நெருப்பு வையுங்கள். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றும் எண்ணமே வேண்டாம். பெட்ரோலின் ஆவி ஊற்றுபவரையும் சேர்த்தே பற்றிக்கொள்ளும். தீ பிடித்தவுடன் பெரிய கட்டையைப் போட்டு அமுக்கிவிடாமல், விரல் தடிமனுள்ள சுள்ளிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, அவை நன்றாகப் பற்றிய பிறகே கட்டைகளை இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். கட்டைகளுக்கிடையே காற்று புகாவிட்டால் தீ மூச்சுத்திணறிப் புகையும். ஊதுவதானால் மேலிருந்து ஊதாமல் அடியை நோக்கி, நீண்ட மூச்சாக ஊதுங்கள். உலோக ஊதுகுழல் ஒன்று இருந்தால் முகத்தைத் தீயருகே கொண்டுபோக வேண்டியதில்லை. செயற்கை இழை ஆடைகள் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி ஆடை அணிந்து, நீண்ட கூந்தலைக் கட்டிக்கொள்வது பாதுகாப்பானது.

ஐந்தாறு கட்டைகள் எரிந்து, கொழுந்து தணிந்து, செந்நிறக் கங்குகளின் மேல் சாம்பல் மெல்லிய போர்வையாகப் படியும் தருணமே சமையலுக்கு ஏற்றது. மண்வாரியால் அவற்றை வாய்க்காலுக்குள் இழுத்து, இரண்டு அடுக்குத் தடிமனில் பரப்புங்கள். முன்னோரத்தில் தணலை மெல்லியதாகவும் பின்னோரத்தில் தடிமனாகவும் பரப்பிவிட்டால், மிதமான சூட்டுக்கு ஓரிடமும் கடுஞ்சூட்டுக்கு ஓரிடமும் கிடைத்துவிடும். பின்னுள்ள வட்டத்தில் இரண்டு கட்டைகளைப் போட்டு அடுத்த தணலுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சூட்டைக் கையால் அளக்கலாம். கம்பித்தட்டுக்கு மேல் சுமார் 12 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டி, நிதானமாக விநாடிகளை எண்ணுங்கள். கை பொறுக்காமல் பின்வாங்கும்போது நிறுத்துங்கள். இரண்டு விநாடிக்குள் கையை எடுக்க நேர்ந்தால் அது கடுஞ்சூடு. நான்கைந்து விநாடி தாங்கினால் நடுத்தரச் சூடு. எட்டு விநாடிக்கு மேல் தாங்கினால் மிதமான சூடு. நமக்குத் தொடக்கத்தில் கடுஞ்சூட்டுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது, வறுக்கும்போது நடுத்தரம், முட்டைக்கு மிதமானது. ஒவ்வொருவரின் கையும் ஒவ்வொரு விதமாகத் தாங்கும் என்பதால் இரண்டு மூன்று முறை சமைத்த பிறகே உங்கள் கையின் கணக்கு உங்களுக்குப் பிடிபடும்.

சமையல்

முதல் வேலை, வாணலியைத் தீயிலிருந்து தள்ளித் தரையில் வைத்துக்கொண்டே நிரப்புவது. நீரை வடித்த உருளைக்கிழங்குத் துண்டுகளை முடிந்தவரை ஒரே அடுக்காகப் பரப்பி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் மசாலாப் பொட்டலத்தில் மூன்றிலொரு பங்கும் சேர்த்து, 150 மில்லிலிட்டர் நீர் ஊற்றி, மூடியால் மூடுங்கள். எண்ணெயைக் காயவைத்து அதில் காயைப் போடுவதுதான் வழக்கம் என்றாலும், சூட்டின் அளவு தெரியாத தணலில் வெறும் எண்ணெய் விரைவில் புகைந்து தீப்பற்றும் ஆபத்து உண்டு. நீர் இருக்கும் வரை வாணலியின் உள்வெப்பம் 100 பாகைக்கு மேல் பெரிதாக ஏறாது. ஆகவே தொடக்கத்தில் தணல் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் கிழங்கு கருகாது. காய்ந்து சிவந்த வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீரை ஊற்றி அது விரிசல் விடும் விபத்தும் இம்முறையில் இல்லை.

இப்போது கையுறை அணிந்து வாணலியைத் தணல் தடித்த பகுதியின் மேல் வையுங்கள். நீர் கொதிக்கும் ஓசை கேட்டதிலிருந்து பத்து அல்லது பன்னிரண்டு நிமிடத்தில் துண்டுகள் வெந்துவிடும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வாணலியைக் கால் சுற்றுத் திருப்பி வைத்தால், ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சூடேறுவது தவிர்க்கப்படும். உயரமான மலைப்பகுதிகளில் நேரம் கூடும். கடல்மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறைவதால், 3,000 மீட்டரில் நீர் 90 பாகையிலேயே கொதித்துவிடும். கிழங்கு வேக அங்கே கூடுதல் நேரமும் இன்னும் கொஞ்சம் நீரும் தேவை. கத்தி முனை தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது என்று பொருள். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம்: இதன் பிறகு நீர் இருக்காது, ஆகவே இப்போது வேகாத கிழங்கு பிறகு கருகுமே தவிர வேகாது.

மூடியை உங்களிடமிருந்து எதிர்ப்புறமாகச் சாய்த்துத் திறந்து ஆவியை வெளியேற்றி, எஞ்சிய நீரை முழுவதும் வற்றவிடுங்கள். கொதிக்கும் ஓசை மாறிச் சுரீரென்ற பொரியும் ஓசை கேட்கும்போது நீர் போய்விட்டதை அறியலாம். இருட்டில் கண்ணைவிடக் காதே நம்பத்தக்கது. உடனே வாணலியை நடுத்தரச் சூட்டுப் பகுதிக்கு நகர்த்தி, மீதியுள்ள இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைச் சுற்றி ஊற்றி, ஒரு முறை புரட்டிவிட்டு, ஐந்து நிமிடம் கரண்டியைத் தொடாமல் இருங்கள். காய் பொன்னிறமாகிறபோது எழும் மணமும் சுவையும் 140 பாகையை ஒட்டிய வெப்பத்தில் உருவாகின்றன. ஓயாமல் கிளறினால் எந்தத் துண்டும் அந்தச் சூட்டில் நிலைத்திருக்காமல், எல்லாம் உடைந்து மசியலாகிவிடும். ஐந்து நிமிடத்துக்குப் பின் அடியோடு சுரண்டித் திருப்பி, மறுபுறத்தையும் அவ்வாறே விடுங்கள். துண்டுகள் அடியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இன்னும் சிவக்கவில்லை என்று பொருள். நன்றாகப் பழக்கிய வாணலியாக இருந்தால் ஒரு நிமிடம் பொறுத்தால் தானாக விடும்.

அடுத்து வெங்காயம், குடைமிளகாய், நசுக்கிய பூண்டு ஆகியவற்றைச் சேர்த்து ஐந்து நிமிடம் வதக்குங்கள். இதற்குள் தணல் தணிந்திருக்கும். கங்குகளை இடுக்கியால் தட்டினால் மேலே படிந்த சாம்பல் உதிர்ந்து சூடு கூடும், போதாவிட்டால் பின்னாலிருந்து புதுத்தணல் ஒரு வாரி இழுத்துவிடலாம். பிறகு கொண்டைக்கடலையையும் மீதி மசாலாவையும் போட்டு மூன்று நிமிடம் புரட்டுங்கள். மசாலாத்தூள் முன்பே போனால் கருகிக் கசக்கும். ஆகவே அதன் பெரும்பகுதி இந்த நேரத்தில் சேர்வதே சரி.

முட்டைக்கு வாணலியை முன்னோரத்து மெல்லிய தணலுக்கு நகர்த்த வேண்டும். கரண்டியின் பின்புறத்தால் காய்க்கலவையில் ஐந்து குழிகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மூடுங்கள். முட்டையை நேரே வாணலியில் உடைக்காமல் ஒரு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து ஊற்றினால், ஓட்டுத்துண்டோ கெட்ட முட்டையோ மொத்த உணவையும் பாழாக்காது. நான்கு முதல் ஆறு நிமிடத்தில் வெண்கரு கெட்டிப்படும். மஞ்சள் கருவும் இறுகும் வரை விட்டு இறக்குவது, குறிப்பாகக் குழந்தைகளும் கருவுற்றோரும் முதியோரும் உண்பதாக இருந்தால், பாதுகாப்பானது. இறக்கிய பிறகும் வார்ப்பிரும்பின் சூடு பல நிமிடம் சமைத்துக்கொண்டே இருக்கும் என்பதை மறவாதீர்கள். எலுமிச்சைச் சாற்றை அவரவர் தட்டில் பிழிந்துகொள்ளலாம். வாணலியில் பிழிந்து விட்டுவைத்தால் புளிப்பு அதன் எண்ணெய்ப் படலத்தை அரித்துவிடும்.

கைமீறும் தருணங்கள்

வாணலிக்குள் எண்ணெய் தீப்பற்றினால் மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடி, முடிந்தால் வாணலியைத் தணலிலிருந்து விலக்குங்கள். நீர் ஊற்றினால் அது எண்ணெய்க்கு அடியில் இறங்கி நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் தெறிக்கச் செய்யும். கையில் சூடு பட்டால் அந்த இடத்தை இருபது நிமிடம் குளிர்ந்த தூய நீரில் காட்டுங்கள். பனிக்கட்டி, எண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். மழை வந்தால் வாணலியைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகலாம், தணலை ஒருபோதும் கொண்டுபோகக் கூடாது. கனலும் தணல் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை, மூடிய கூடாரத்தில் உறங்குவோரை அது கொன்றுவிடும்.

அடி பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலுள்ளதை மட்டும் தட்டுகளில் எடுத்துக்கொண்டு, அடியை அப்படியே விட்டுவிட்டால் கருகல் மணம் மற்றதில் ஏறாது.

கழுவுதலும் அணைத்தலும்

உண்டு முடித்தவுடன், வாணலி வெதுவெதுப்பாக இருக்கும்போதே சிறிது வெந்நீர் ஊற்றி, மரக்கரண்டியால் சுரண்டிக் கழுவுங்கள். ஓடையிலோ ஏரியிலோ நேரடியாகக் கழுவாமல், நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் கழுவி, உணவுத் துணுக்குகளை வடிகட்டிக் குப்பைப் பையில் சேர்த்து, நீரை மட்டும் மண்ணில் பரவலாக வீசுங்கள். மிச்ச உணவைத் தீக்குழியில் போட்டால் அது முழுவதும் எரியாது. அதன் மணத்தை மோப்பம் பிடித்து இரவில் விலங்குகள் வரும். கழுவிய வாணலியைக் கடைசித் தணலின் மேல் இரண்டு நிமிடம் வைத்து ஈரத்தை ஓட்டி, உட்புறம் சில சொட்டு எண்ணெய் தேய்த்துவிட்டால் துருப் பிடிக்காது.

உறங்கச் செல்வதற்கு அரை மணி நேரம் முன்பே அணைக்கத் தொடங்குங்கள். தணலைப் பரப்பிவிட்டு, காற்று புகையைத் தள்ளும் பக்கத்தில் நில்லாமல் சற்று விலகி நின்று, நீரை ஒரே இடத்தில் கொட்டாமல் சுற்றிச் சுற்றி ஊற்றுங்கள்; சுடுசாம்பலும் ஆவியும் மேலே பாயும். மண்வாரியால் சாம்பலையும் அடிமண்ணையும் சேர்த்துக் கிளறி, கட்டைகளைப் புரட்டி, மீண்டும் ஊற்றுங்கள். ‘உஸ்’ என்ற ஓசை அடங்கும் வரை இது தொடர வேண்டும். மண்ணைப் போட்டு மூடிவிடுவது அணைத்தல் ஆகாது. மண்ணுக்கும் மணலுக்கும் அடியில் கங்கு பல மணி நேரம் உயிரோடிருக்கும், அதன்மேல் விடியலில் வெறுங்காலுடன் யாரேனும் மிதிக்கக்கூடும். கடைசியாகப் புறங்கையை முதலில் சற்று உயரத்தில் காட்டிப் பார்த்து, பிறகு சாம்பலருகே கொண்டுசென்று, பிறகு தொட்டுப் பாருங்கள். எங்கேனும் வெதுவெதுப்புத் தெரிந்தால் இன்னொரு வாளி நீர் வேண்டும்.